பெயர் தெரியாத மருந்து

அக்கராயனில் விவசாய அலுவலகக் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பின்னறையில் பதினொரு பீப்பாய்கள் கிடந்தன. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. சண்டை தொடங்குமுன் கொழும்பிலிருந்து வந்தவை. சில பிறகு தடைசெய்யப்பட்டவை, மற்றவை காலாவதியானவை. அடிப்பக்கம் துருப்பிடித்துக் கசிந்தது. பலவற்றின் லேபிள்களைக் கறையான் தின்றுவிட்டது. அகற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது களஞ்சியத்தின் முன்விறாந்தையில் ஒரு குடும்பம் தங்கியது. மேசன் வேலை செய்யும் ஒருவர், மனைவி, சின்ன மகள். மருந்து மணத்தால் மனைவிக்கு ஓயாத தலையிடி. வேறிடம் கிடைக்கவில்லை.

கூரைக்குத் தறப்பாள் கொடுக்க வந்த தொண்டு நிறுவன வெள்ளைக்காரர் ஒருவரை நான் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவர், மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்: வறிய நாடுகளில் கிடக்கும் இப்படியான நச்சுக் கழிவை அகற்றப் பணக்கார நாடுகள் நிதி கொடுக்கின்றன. கப்பலில் ஏற்றி, அதற்கென்றே உள்ள சூளையில் எரிப்பார்கள். விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

படிவம் வந்தது. மேசன் பீப்பாய்களை அளந்து சொல்ல, நான் எழுதினேன்.

“உதுக்கெல்லாம் காசு தருவினமோ அண்ணை?”

“தருவினம் எண்டுதான் அந்தாள் சொன்னவர்.”

மருந்தின் பெயர் கேட்ட இடத்தில் ஏழு தடவை ‘தெரியாது’ என்று எழுதினேன்.

மாரி பிந்தவில்லை. குளம் வான்பாய்ந்து வெள்ளம் பின்னறைக்குள் வந்தது. பள்ளத்தில் இருந்த கிணற்றில்தான் அங்கிருந்த சனம் முழுக்கக் குடித்தது. மருந்து கலந்தால் எல்லாரும் முடிந்தோம். மேசன் கூப்பிடாமலே வந்தார். இருவருமாகப் பீப்பாய்களை மேட்டுக்கு ஏற்றினோம். அலுவலகத்தில் ஒரு சோடி கையுறையும் ஒரு சோடி சப்பாத்தும் இருந்தன. அவற்றை நான் போட்டிருந்தேன்.

ஒன்பதாவதைத் தூக்கும்போது அடித்தட்டு கழன்றது. மருந்து முழுவதும் அவருடைய வயிற்றிலும் காலிலும் கொட்டியது. வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தேன். தேய்த்துக் கழுவச் சவர்க்காரம் இல்லை, வாங்க முடியாத காலம். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, வாயால் நுரை தள்ளியது. உழவு இயந்திரத்தில் ஏற்றி, வெள்ளத்துக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“என்ன மருந்து பட்டது?” என்று டொக்டர் கேட்டார்.

“தெரியேல்லை டொக்டர். லேபிள் இல்லை.”

பெயர் தெரியாமலே அவர் கைவசம் இருந்த நஞ்சுமுறிவு ஊசிகளைப் போட்டார். பின்னேரத்தோடு அவை முடிந்துவிட்டன. மறுநாள் காலை மேசன் இறந்துபோனார்.

மீதி இரண்டு பீப்பாய்களையும் அயலவர்கள் ஏற்றினார்கள், அந்தக் கிணற்றில் குடிப்பதை நிறுத்தினோம். செத்தவீடும் அந்த விறாந்தையில்தான் நடந்தது. மூன்றாம் நாள், கையுறையை நான் போட்டிருந்ததை அவருடைய மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டாள்:

“அவர் கேட்டிருந்தா குடுத்திருப்பியளோ அண்ணை?”



சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் கடிதம் கொண்டுவந்தார். விண்ணப்பம் நல்லது, ஆனால் அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும், சண்டையால் மூடப்பட்ட பாதையும் திறக்க வேண்டும், சமாதானம் வந்தபின் திரும்ப அனுப்புங்கள் என்றிருந்தது. அவளுக்கும் கேட்க உரிமை உண்டு என்று நினைத்து வாசித்துக் காட்டினேன்.

“எப்ப சமாதானம் வருமெண்டு எழுதியிருக்கினமோ?”

“இல்லை, தங்கச்சி.”

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானில் இருந்த உறவினரிடம் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த சண்டையில் நாங்களும் ஓடினோம். வெள்ளம் வடிந்ததும் பின்னறைக்கே திரும்பிய பீப்பாய்களோடு களஞ்சியத்தை நான் பூட்டினேன். பூட்டு எத்தனை நாள் நின்றதோ தெரியாது. பிறகு ஒருநாள், தெரிந்த ஒருவர் வழியில் மறித்துச் சொன்னார். கசிந்து வெறுமையான பீப்பாய்களை இடம்பெயர்ந்த சனம் தண்ணீர் பிடித்து வைக்க உருட்டிக்கொண்டு போய்விட்டதாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.