மணிமுத்துவின் இடது கன்னம்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்றால் தென்காசிக்காரர்களுக்கு முகம் மலரும். லாட்ஜ்காரர், பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லோரும் மேகத்தைப் பார்த்துக் கும்பிடுகிற ஆனி மாதத்தில், ஒரே ஒரு மனிதர் மட்டும் வெயிலடிக்க வேண்டும் என்று காசி விசுவநாதருக்கு அர்ச்சனை செய்தார். என்ன வேண்டுதல் என்று அர்ச்சகர் கேட்டதற்கு, குடும்ப நிம்மதி என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் அல்ல.

அவர் பெயர் மணிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. மேலகரத்தில் வீடு. அரசுப் பேருந்து ஓட்டுநர். தென்காசியிலிருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரம் போகும் வண்டியில் பதினோரு வருடமாக அதே இருக்கை, அதே நேரம். விடியுமுன் தெற்கே போவார். வெயில் ஏறும்போது வடக்கே திரும்புவார். மதியத்துக்கு மேல் மறுபடியும் தெற்கே. இந்தத் திசைகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பமே இதில் மாட்டிக்கொள்ளப் போகிறது.

மணிமுத்துவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. முதுகில் டிஸ்க் நகர்ந்து மூன்று வருடமாகிறது. வண்டியிலிருந்து இறங்கும்போது முதலில் கால் இறங்கும், பிறகு இடுப்பு இறங்கும், ஒரு நிமிடம் கழித்துத்தான் ஆள் இறங்குவார். டெப்போவில் உதிரிப்பாகம் வைக்கும் அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி உண்டு. லைட் டூட்டி. மருத்துவச் சான்றிதழை இணைத்து அதற்கு அவர் எழுதிய மனுக்களைக் கோத்தால் அந்த அறை வாசலுக்குத் தோரணம் கட்டலாம்.

அவருடைய மனைவி பொன்செல்விக்கும் ஓர் ஆசை உண்டு. அது அடுக்களையில் இருந்தது.

பொன்செல்வி சமைக்கத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியும், அதுதான் பிரச்சினை. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய அவருக்குக் கை வராது. பூரியை எண்ணெய் இல்லாமல் இட்லிப் பானையில் வேக வைத்தார். அது வெந்தது, ஆனால் என்னவாக வெந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சொதிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக வேர்க்கடலைப் பால் ஊற்றினார். சீசனில் குற்றாலத்து ரோட்டோரம் கிடந்த மங்குஸ்தான் தோலைப் பார்த்து மனம் பொறுக்காமல், இவ்வளவு நிறம் வீணாகலாமா என்று வாங்கித் தின்ற பழத்தின் தோலையெல்லாம் சேர்த்து ரசம் வைத்தார். நல்ல ஊதா நிறம். மணிமுத்து மட்டும் இரண்டு தம்ளர் குடித்தார். மறுநாள் கடையத்தில் ஐந்து நிமிடம் வண்டி நின்றதற்குக் காரணம் பயணிகளுக்குச் சொல்லப்படவில்லை.

இதையெல்லாம் மகள் சத்யபிரியா செல்போனில் படம் பிடித்து ‘பொன்செல்வி அடுக்களை’ என்ற பெயரில் யூடியூபில் போட்டாள். ஐம்பது அறுபது பேர் பார்த்தார்கள். அதில் பாதி, குறை சொல்வதற்காகப் பார்த்த சொந்தக்காரர்கள். தலைமை, மணிமுத்துவின் தங்கை மாரிச்செல்வி. இரண்டு தெரு தள்ளி வீடு. எந்தப் பலகாரம் செய்தாலும் முதல் ஆளாக வந்து தின்றுவிட்டு, வாசலில் நின்று நாலு பேர் கேட்கத் தீர்ப்புச் சொல்வாள்.

“மயினி வீட்டுல கைய நனைச்சா, வாய அருவில போயிதான் கழுவணும்.”

இருபத்தாறு வருடமாகப் பொன்செல்வி இதைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். சிரிப்பு வேறு, கேட்பது வேறு.

வாயில் போடுவது தோற்றால் முகத்தில் போடுவோம் என்று போன மாசி மாதம் முடிவானது. பழைய சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரம், பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், பாவூர்சத்திரத்து நாட்டுத் தக்காளி, சொதிக்குப் பிழிந்ததில் மிஞ்சிய தேங்காய்ப்பால். எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்து, சுண்டக் காய்ச்சி, ஆற வைத்தால் ஒரு களி வரும். அதில் உப்புப் போட்டால் கூட்டு, போடாவிட்டால் அழகு. முகம் சிவக்கும் என்று பொன்செல்வி சொன்னார். நம் ஊரில் சிவப்பு என்றால் என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியும். அது சிவப்பு இல்லை.

ஆதாரம் வேண்டும் என்றாள் சத்யபிரியா. பாதி முகத்துக்குப் போட வேண்டும், பாதி முகத்தைச் சும்மா விட வேண்டும். ஒரு மண்டலம் முடிந்ததும் இரண்டையும் காட்ட வேண்டும். முகம் கொடுக்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அடுக்களை ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் தேர்வானது. இடது.

முதல் நாள் படம் எடுத்தது டூட்டி முடிந்து வந்த கையோடு. இரண்டு கன்னமும் ஒரே நிறமாக, அதாவது அம்பாசமுத்திரம் ரோட்டின் நிறமாக இருந்தன. நாற்பத்தெட்டாம் நாள் படம் எடுத்தது காலையில், சோப்புப் போட்டுக் குளித்த பிறகு. இடது கன்னம் வலது கன்னத்தைவிட நன்றாகவே வெளுத்திருந்தது. மூக்கின் நடுவே எல்லைக்கோடு போட்டது போல இருந்தது.

அந்த வீடியோவை ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள்.

வீடியோ போட்ட அன்று சாயங்காலமே மாரிச்செல்வி வந்தாள். வாசலில் நிற்கவில்லை, நேரே அடுக்களைக்கு வந்து, “மயினி, எனக்கு ஒரு டப்பா எடுத்து வைங்க. உங்க கைப்பக்குவமே தனின்னு நான் அப்பவே சொன்னேம்லா” என்றாள். அவள் போன பிறகு அடுக்களையில் மிக்ஸி ஓடியது. வெகுநேரம் ஓடியது.

மறுநாள் காலை அம்பாசமுத்திரத்திலிருந்து வடக்கே திரும்பிக்கொண்டிருந்தார் மணிமுத்து. கடையம் தாண்டியதும் கிழக்கேயிருந்து வெயில் ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஏறி அவருடைய வலது கன்னத்தில் உட்கார்ந்தது. பதினோரு வருடமாக அங்கேதான் உட்காருகிறது. மதியத்துக்கு மேல் தெற்கே போகும்போது அதே வெயில் மேற்கே போய் நின்றுகொண்டு அதே ஜன்னல் வழியாக அதே கன்னத்துக்கு வரும். தென்காசி பஸ் நிலையத்தில் நிறுத்தி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தபோது, நடத்துநர் சேக் தாவூது அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிய வலது கை தார் நிறம். இடது கை வீட்டு நிறம்.

“அண்ணாச்சி, மொகத்துக்கு மயினி பாசிப்பயறு போட்டாவ, சரி. கைக்கு என்ன போட்டாவ?”

மணிமுத்துவுக்குத் தண்ணீர் புரையேறியது. இடது கன்னம் சிவக்கவே இல்லை. அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் யாரும் அவருடைய கன்னங்களைத் தனித்தனியாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். வாசல் நிறையச் செருப்பு. செங்கோட்டையிலிருந்து மூன்று பெண்கள், கடையத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும். பொன்செல்வி அவர்கள் நடுவில் ஒரு டாக்டரைப் போல உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமுத்து உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவரை யாரும் வரவேற்கவில்லை. அவருடைய இடது கன்னத்தை வரவேற்றார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா தொட்டே பார்த்தார்.

அவர் கன்னத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? இது நிலைக்குமா, நாலு நாளில் போய்விடுமா என்று கேட்டார்கள். அதனால் ஞாயிறுதோறும் அவருடைய முகத்தைப் புதிதாகப் படம் எடுத்துப் போடும் வழக்கம் வந்தது. இடது பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும். வலது பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். முன்னது மகிமை, பின்னது சாட்சி.

ஆனி கடைசியில் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று சாரல். இன்னொன்று லைட் டூட்டி உத்தரவு.

மூன்று வருடம் தவம் கிடந்த நாற்காலி. அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மணிமுத்துவுக்கு உறைத்தது. உதிரிப்பாக அறையில் ஜன்னலே கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் வலது கன்னமும் தானாக வெளுத்துவிடும். களி தடவாத கன்னம் வெளுத்தால் களிக்கு என்ன மரியாதை? செங்கோட்டைக்காரிகள் என்ன சொல்வார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. மாரிச்செல்வி வாசலில் நின்று என்ன சொல்வாள் என்பது அவருக்கு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

டெப்போவில் போய், ஆடி கழியட்டும், புதுசாக எதுவும் தொடங்கக் கூடாது என்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முந்தின வாரம்வரை இந்த மனிதர்தான் உத்தரவு எப்போது எப்போது என்று உயிரை எடுத்தவர். ஆவணி முதல் தேதி சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆடியை வாங்கிவிட்டார். வெயிலை எங்கே வாங்குவது? கடையம்வரை மேகம் இறங்கிக் கிடந்தது. ஜன்னல் வழியாகச் சாரல்தான் வந்தது. பயணிகள் ஆகா என்றார்கள். மணிமுத்து கண்ணாடியில் வலது கன்னத்தைப் பார்த்தார். அது அவருடைய சம்மதமில்லாமல் தெளிந்துகொண்டிருந்தது.

பாவூர்சத்திரத்துக்குப் போனால் சாரல் விட்டுவிடும், வெயில் சுள்ளென்று இருக்கும். அதனால் விடுமுறை நாளெல்லாம் காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். மார்க்கெட் வாசலில் டெம்போக்களுக்கு நடுவே, வலது கன்னத்தை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு, முதுகு வலிக்க வலிக்க ஒரு மணி நேரம் நிற்பார். மூட்டை இறக்குகிறவர்கள் முதலில் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தார்கள். பிறகு நேர்த்திக்கடன் என்று முடிவு செய்து வழிவிட்டார்கள். சும்மா திரும்ப முடியாதே, ஒவ்வொரு முறையும் ஒரு பை கத்தரிக்காய். கத்தரிக்காய் குவியக் குவியப் பொன்செல்விக்குக் கை துறுதுறுத்தது. கத்தரிக்காய் அல்வா வந்தது. கத்தரிக்காய்ப் பாயசம் வந்தது. எந்தக் கைப்பக்குவத்தின் மரியாதையைக் காப்பாற்ற வெயிலில் நின்றாரோ அது சுற்றி வந்து அவர் தட்டிலேயே விழுந்தது.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது எடுத்த படத்தின் கீழே யாரோ ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள்: வலது பக்கமும் கலராகி வருதே, அதுக்கும் போடுதீங்களா?

பொன்செல்வி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் மதிய வண்டியில், அம்பாசமுத்திரத்தில் ஒரு துக்கம் கேட்க வேண்டும் என்று ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். கடையத்துக்குத் தெற்கே மேகம் கொஞ்சம் விலகியது. மேற்கேயிருந்து வெயில் வந்தது. வந்து எங்கே உட்கார்ந்தது என்று பொன்செல்வி பார்த்தார். அம்பாசமுத்திரம்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆட்கள் இறங்கினார்கள். சேக் தாவூது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தேவையில்லாமல் ஓடினார். பொன்செல்வி எழுந்து வந்து, கணவரின் இரண்டு கைகளையும் எடுத்து ஸ்டியரிங்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“எப்பலேருந்து தெரியும்?”

“மண்டலம் முடிஞ்ச மறுநாளு.”

“அப்பவே சொல்லிருக்கலாம்லா.”

“முந்துன நாளுதான் மிக்ஸி ஓடுச்சு” என்றார் மணிமுத்து. “லோடு இல்லாம ஓடுத மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?”

அன்றைக்கு அழுகைச் சத்தத்தை மிக்ஸி மூடிவிட்டது என்றுதான் பொன்செல்வி நினைத்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லைட் டூட்டி உத்தரவைப் பற்றியும் அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. பாவூர்சத்திரத்தைப் பற்றியும். கத்தரிக்காயைப் பற்றிச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரிப்பு வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அது எப்போது திரளும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அது. தென்காசியில் இறங்கும்போது திரண்டுவிட்டது.

“ஆவணி ஒண்ணாந்தேதி போயி லைட் டூட்டில சேருங்க. அன்னைக்கே வலது பக்கத்துக்கும் போட ஆரம்பிக்கேன்.”

“ஏட்டி, அது ஏமாத்துல்லா?”

“என்ன ஏமாத்து? போடத்தான போடுதேன். வெயில்ல போகாதீயன்னு அதையும் சேத்துச் சொல்லிருதேன். ரெண்டுல எது கேட்டா என்ன?”

சொன்னபடியே செய்தார். செய்முறையின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது: நாற்பத்தெட்டு நாளும் முகத்தில் வெயில் படக் கூடாது. அந்தக் களியில் வேலை செய்கிற சரக்கு அது ஒன்றுதான். ஆனால் அதைத் தனியாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? புரட்டாசி கடைசியில் வலது கன்னமும் இடது கன்னமும் ஒரே நிறமாகிவிட்டன. இந்த முறை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். மாரிச்செல்வி குடை பிடித்துக்கொண்டு தெருவில் போகிறாள்.

மணிமுத்துவும் குடையோடுதான் போகிறார். வேறு வழியில்லை. வெயில் பட்டால் பழையபடி கறுத்துவிடும், கறுத்தால் ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். மாடிக்குப் போகக் கூடாது. திருவிழாவில் தேர் வடம் பிடிக்கக் கூடாது. மீதி உள்ள சர்வீஸ் நிழலில், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கவும் நிழலில். முதுகு இப்போது தேவலை. கேட்டது கிடைத்துவிட்டது என்று டெப்போவில் எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் ஆமாம் என்கிறார்.

உதிரிப்பாக அறைக்கு ஜன்னல் கிடையாது என்று சொன்னேனே, கதவு உண்டு. மதியத்துக்கு மேல் வாசற்படியில் ஒரு முழம் அகலத்துக்கு வெயில் விழும். அவருடைய பழைய வண்டி டெப்போவிலிருந்து வெளியே போகிற நேரமும் அதுதான். புது ஓட்டுநர், சின்ன வயசு, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு போவான். அந்தச் சத்தம் கேட்டதும் மணிமுத்து நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி, வலது கையை மட்டும் நீட்டி வெயிலில் வைப்பார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை வைத்திருப்பார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார். அடுத்தது கைக்குத்தான் போடப்போவதாக வீட்டில் பேச்சு.