தன் முறையை யாருக்கும் கொடாத சபாரத்தினம்

சபாரத்தினம் லீவு எடுக்க மாட்டார். காய்ச்சல் காய்ந்தாலும் ஆக்லாந்தின் விரிப் பகுதியிலுள்ள கம்பெனிக்குப் போய், கிடங்குகளைச் சுற்றி ஓடும் கம்பெனியின் சொந்தத் தண்டவாளத்தில் எஞ்சின் ஓட்டுவார். "இந்த மனுசன் எஞ்சினைத்தான் கலியாணம் கட்டினவர்" என்று மனைவி சரோஜாதேவி நக்கலடிப்பாள். காரணம் அவளுக்குத் தெரியாததல்ல.

யாழ்ப்பாணத்திலும் அவர் ரயில் ட்ரைவர்தான். சரோஜா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, "நீ போய் அவளைப் பார், உன்ரை வண்டியை நான் கொண்டுபோறன்" என்றார் சிநேகிதர் குமாரசாமி. வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. மகள் பிரணவி பிறந்ததும் குமாரசாமி செத்ததும் ஒரே நாள். அவளுடைய ஒரு பிறந்தநாளுக்கும் சபாரத்தினம் வீட்டில் நின்றதில்லை.

தொண்ணூற்றேழில் பிரணவி பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. த்ரீ கிங்ஸ் பகுதியில் விழா மண்டபமொன்றை, ஹோலை, வாடகைக்கு எடுத்தார்கள். "இதுக்கும் நிக்காட்டி நான் உங்களோடை கதைக்க மாட்டன்" என்றாள் சரோஜா. வேறு வழியில்லாமல் லீவு போட்டார்.

விதி விடுமா? அன்று காலை மழையில் ரயில்வேயின் பிரதான பாதை மூழ்கிவிட்டது. சரக்கு வண்டியைச் சுற்றிக் கொண்டுபோக, கம்பெனியிடம் தண்டவாளத்தை இரவல் கேட்டார்கள். கொடுப்பதில் சிக்கலில்லை, எடையும் வேகமும் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதை தெரிந்த கம்பெனி ஆள் ஒருவர் எஞ்சினில் ஏறி, ரயில்வே ட்ரைவருக்கு வழி சொல்லியே ஆக வேண்டும்.

கூட வேலை செய்யும் ராஜூ ஹோலுக்குப் போன் எடுத்தார். "நீங்க விசேஷத்தைப் பாருங்கண்ணே. உங்களுக்குப் பதிலா நான் ஏறிக்கிறேன்."

சபாரத்தினத்துக்குக் குமாரசாமியே பேசுவதுபோலக் கேட்டது. ராஜூவுக்குப் பாதை தெரியும். ஆக்லாந்தில் எவன் கண்ணிவெடி புதைக்கப்போகிறான்? அதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது, நெஞ்சு கேட்டால்தானே.

"ஏறாதையும் ராஜூ. நான் வாறன்." பட்டு வேட்டியோடு காரை எடுத்தார்.

எஞ்சின் படியில் கால் வைத்திருந்த ராஜூவைக் கையைப் பிடித்து இறக்கினார். "வீட்டை போம்."

"என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ரயில்வேயின் வெள்ளைக்கார ட்ரைவரை வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகச் சொல்லி நச்சரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி பத்திரமாக மறுபக்கம் சேர்ந்தது.

ஹோலுக்குத் திரும்பியபோது ஆரத்தி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேலையும் மாலையுமாகப் பிரணவி எழும்பி வந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தார்.

எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் மெல்லக் கேட்டாள்.

"இந்தமுறை எனக்காக ஒருத்தரும் சாகேல்லைத்தானே, அப்பா?"