மீட்டர்காரனுக்குத் தேநீர் கிடையாது

எங்கள் மேல் தெருவில் ஒரு பழக்கம். குழாய் பார்க்க வந்தவரோ, கூரை ஓடு மாற்ற வந்தவரோ, யார் வாசலில் நின்றாலும் முதலில் தேநீருக்குக் கெட்டிலை வைத்துவிடுவோம். வந்த காரியத்தைப் பிறகுதான் கேட்போம். எதிர்வீட்டு வெண்டி ஹோல்ராய்ட் இதில் எங்கள் எல்லோருக்கும் ஒரு படி மேல். பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அவளுக்குத் தூக்கம் வராது. தேநீரோடு இஞ்சிக் கேக்கும் வரும். வேண்டாம் என்று சொன்னால் திட்டும் வரும்.

அந்த வெண்டி வீட்டில் இன்று மீட்டர்காரனுக்கு ஒரு சொட்டுத் தேநீர் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரத்தான் போகிறது.

வெண்டியின் கணவர் கிளிஃப். வாழ்நாள் முழுக்கத் துணி ஆலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, நுரையீரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதர். குளிர் பட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுக்கும். "முன் ரூம் மட்டும் எப்பவும் கதகதப்பா இருக்கணும். மத்ததை மாத்திரை பாத்துக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் ஏறி வரவில்லை. கணப்பு எல்லாமே மின்சாரத்தில்தான். யார்க்ஷயர் மலைச்சரிவில் குளிர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெண்டிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: அந்த அறை குளிர்ந்துவிடக் கூடாது.

மின்சாரத்துக்கு அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து ஒரே கம்பெனிதான். விலை ஏற ஆரம்பித்ததும், கம்பெனியை மாற்றினால் மிச்சமாகும் என்று தொலைக்காட்சியில் யாரோ சொன்னதை வெண்டி பிடித்துக்கொண்டாள். கிளிஃபுக்கு மனசே இல்லை.

"இத்தனை வருஷமா நம்மளைத் தெரிஞ்சவங்க. விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கு?"

"தெரிஞ்சவங்களாம்! நீ செத்தா மாலை அனுப்புவாங்கன்னு நெனச்சியா? புதுசா வர்றவனுக்குக் கம்மி ரேட்டு, பழைய ஆளுக்கு முழு ரேட்டு. இவ்வளவு நாள் ஒழுங்கா கட்டினோமே, அதுக்கு நமக்குக் கெடைச்ச பட்டம் இளிச்சவாயன்."

கிளிஃப் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கையை ஆட்டிச் சம்மதம் சொன்னார். விளம்பரத்தில் சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு புதுக் கம்பெனிக்கு வெண்டி மாறினாள். ஒரு குளிர்காலம் நன்றாகத்தான் போனது. அடுத்த குளிர்காலம் வருவதற்குள் சூரியன் திவாலாகிவிட்டது. அதன் வாடிக்கையாளர்களைச் சந்தையில் ஆட்டுக்குட்டிகளை ஓட்டுவதுபோல ஒரு பெரிய கம்பெனியிடம் ஓட்டிவிட்டார்கள். வெண்டியிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கைமாற்றத்தில்தான் குளறுபடி நடந்தது. எங்கள் ஊர் வீடுகள் சரிவில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பவை. ஒரே கட்டடத்தில் மேல் வீடு எங்கள் தெருவைப் பார்க்கும். கீழ் வீடு மலையின் மறுபக்கம் திரும்பிக் கீழ்த் தெருவைப் பார்க்கும். வெண்டியின் வீடு மேல் தெரு ஒன்பது. அவள் காலுக்கு அடியில் இருப்பது கீழ்த் தெரு ஒன்பது. அந்தக் கீழ் வீட்டை லண்டன்காரர் ஒருவர் வாங்கி, வார இறுதியில் கும்மாளம் போட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். முற்றத்தில் வெந்நீர்த் தொட்டி வேறு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், வெண்டிக்கு வந்த பில் ஒரு சின்ன ஓட்டலுக்கு வர வேண்டிய பில் என்பதுதான். அவள் மீட்டரைப் படித்து அனுப்பினால், அது பொருந்தவில்லை என்று பதில் வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் முதலில் பாட்டு, அப்புறம் தினம் ஒரு புதுக் குரல்.

"ஒரு ஆளை அனுப்பி என் மீட்டர் நம்பரைப் பாருங்கப்பா, அது போதும்" என்று மாதக்கணக்காகக் கெஞ்சினாள். வழக்கமாக ஆகும் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவந்தாள். மீதியைக் கடன் என்று எழுதிக்கொண்டார்கள். சரி, வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்றாள். கடன் இருக்கிறவர் போக முடியாதாம், தடுத்துவிட்டார்கள். வாங்காத கடனைக் கட்டவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. இதற்கு எந்த ஊரில் வியாபாரம் என்று பெயர்?

அதற்குள் விலை இன்னும் ஏறியது. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடக் குளிர்காலம் அது. சாவி மீட்டரை மாட்டிவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. கடையில் பணம் கொடுத்துச் சாவியில் ஏற்றிவந்து சொருகினால்தான் அது ஓடும். தீர்ந்தால் எல்லாம் அணைந்துவிடும். நூலகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் பெண் வெண்டியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "கோர்ட் உத்தரவு இல்லாம அவங்க உங்க வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. யார் வந்தாலும் கதவை மட்டும் திறக்காதீங்க."

டிசம்பரில் ஒருநாள், பனியும் மழையும் கலந்து சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது, வெண்டி வீட்டு வாசலில் ஒரு ஆள் பையோடு நின்றான். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். காலர் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கதவின் தபால் துளை வழியாக நடந்த பேச்சை வெண்டி பிறகு சொன்னாள்.

"எதுக்கு வந்தே?"

"மீட்டர் நம்பரைப் பாக்கணும்மா."

அவள் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே! கதவு திறந்துவிட்டது.

"ஐயோ, இப்படி நனைஞ்சு நிக்கிறியே கண்ணு. உள்ள வா, உள்ள வா. சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

"ரெண்டும்மா."

மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியில். அவனை அங்கே விட்டுவிட்டு வெண்டி கெட்டிலைப் போட்டாள், கேக்கை வெட்டினாள். கெட்டில் இரைய ஆரம்பித்து, பாதியில் அடங்கியது. விளக்கும் போனது. முன் அறையிலிருந்து கிளிஃபின் குரல் வந்தது. "வெண்டி, ஹீட்டர் நின்னுபோச்சு."

அவள் போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. ஓடினேன். பழைய மீட்டர் தரையில் கிடந்தது. சுவரில் புதுசு ஏறிக்கொண்டிருந்தது.

"நம்பர் பாக்கணும்னுதானே சொன்னே?"

"பாத்தேன்மா. என்கிட்ட இருக்கிற நம்பர் வேற, இது வேறதான்."

"அப்புறம் எதுக்குடா கழட்டினே?"

"முகவரி சரியாத்தான் இருக்கு. மத்ததை ஆபீஸ்ல பேசிக்குங்க."

"உத்தரவு எங்கே? காட்டு!" என்றேன் நான்.

"உத்தரவு எதுக்குங்க? அம்மாதான் உள்ள வான்னு கூப்பிட்டாங்க." கையிலிருந்த போனில் எதையோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். 'வீட்டுக்காரர் சம்மதத்துடன்' என்று இருந்தது.

மின்சாரம் திரும்ப வந்ததும், விட்ட இடத்திலிருந்து கெட்டில் தானாக இரைந்து கொதித்தது. பழக்கதோஷம், வெண்டியின் கை கோப்பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவள் முகத்தை அப்போது பார்த்த நான், இன்றைக்கும் அந்த ஆளை எங்காவது பார்த்தால் சும்மா விடமாட்டேன்.

சாவி மீட்டர் சாப்பிட்டுத் தீர்த்தது. சாவியில் போட்ட பணத்தில் முதல் கவளம் அந்தக் கடனுக்குப் போகும். எஞ்சியதில்தான் கணப்பு எரியும். கடை பள்ளத்தின் அடியில். கற்படிகளில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கிளிஃபைத் தனியே விட்டுவிட்டு அவள் எத்தனை முறை இறங்கி ஏறுவாள்? பாதி நாள் நான் போய்வந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கடை அடைத்ததும் சாவி தீர்ந்தது.

"எங்க வீட்டுக்கு வாங்க கிளிஃப். ஹீட்டர் ஓடுது, சோபா காலியாத்தான் கெடக்கு" என்றேன் நான்.

"அடுத்தவங்க வீட்டுல போய்க் குளிர்காயற நெலமைக்கு நான் இன்னும் வரல ஹிலரி" என்றார். மேல்கோட்டு, அதற்குமேல் போர்வை, அதற்குமேல் வெண்டியின் பழைய திரைச்சீலை. பிடிவாதக்கார மனுஷன். மறுநாள் உதடு நீலமாகி, ஆம்புலன்ஸில்தான் வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வெண்டி, கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தாள். நானும் கூட இருந்தேன். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. கீழிருந்து ஆவி குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. கீழே தொட்டியில் பெண்கள் கூச்சலிட்டுப் பாடினார்கள். வெண்டி அந்த ஆவியையே பார்த்தாள்.

"அடியே ஹிலரி. அதுவும் ஒன்பதுதானே?"

வீட்டுச் செருப்போடு பனியில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கதவைத் திறந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் தோழிகளோடு கும்மாளம் போட வந்த கல்யாணப்பெண். தலையில் பிளாஸ்டிக் கிரீடம், உடம்பில் துண்டு.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா ஆன்ட்டி? ஸாரி! உள்ள வாங்க, ஒரு கிளாஸ் குடிங்க."

"குடிக்க வரல கண்ணு. உங்க மீட்டர் எங்கே?"

காட்டினார்கள். வெண்டி தன் பில்லைப் பக்கத்தில் பிடித்தாள். ஒவ்வொரு எண்ணாகப் பொருந்தியது. கிரீடக்காரி விஷயத்தைக் கேட்டு அழுதேவிட்டாள். "தொட்டியை நிறுத்துங்கடி!" என்று அவள் கத்தியதுதான், இந்தக் கதை முழுவதிலும் சம்பந்தப்பட்டவர் ஒருவர் செய்த ஒரே நல்ல காரியம்.

விடுமுறை முடிந்து கூப்பிட்டபோது, கம்பெனியில் இந்த முறை பாட்டு நீளவில்லை. முகவரிக் குழப்பமாம். வருந்துகிறார்களாம். கடன் அவளுடையது இல்லையாம். வெண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கிளிஃபின் காதில் சொன்னாள்.

"அது நம்ம கடன் இல்ல கிளிஃப். கீழ் வீட்டுத் தொட்டி. ஒத்துக்கிட்டாங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்படின்னா முன் ரூம்ல ஹீட்டரைப் போட்டு வை. வந்துடறேன்."

வெண்டி சாவியில் பணம் ஏற்றிவந்து போட்டு வைத்தாள். அறை சூடாகவே இருந்தது. அவர் வரவில்லை.

வசந்தத்தில், சாவி மீட்டரைக் கழற்றிப் பழைய மாதிரி மாட்ட ஒரு ஆளை அனுப்பினார்கள். இவன் வேறு ஆள், நல்ல முகம். கொட்டுகிற மழையில் ஒரு கையில் பை, மறு கையில் செலோபேன் சுற்றிய பூங்கொத்து. வெண்டி சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"அது என்ன?"

"கம்பெனி குடுத்து அனுப்பிச்சாங்கம்மா. சார் தவறினதுக்காக."

"படியில வை. நீ மட்டும் வா."

வேலை முடியும் வரை அவள் அலமாரிப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சமையலறையில் நான் இருந்தேன். என் கை தன்னால் கெட்டில் பக்கம் போனது. அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? நடையிலிருந்து வெண்டி திரும்பி என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

"இனி எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் நீங்க மாறிக்கலாம்மா, தடை இல்ல" என்றான் அவன், போகும்போது.

 வெண்டி கதவைத் தாழிட்டு, முன் அறைக்குப் போய், கணப்பை அணைத்தாள். அவள் தன் கையால் அந்தக் கணப்பை அணைத்து நான் என்றும் பார்த்ததில்லை. பிறகு கிளிஃபின் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ சொன்னதுதான் சரி. கம்பெனிக்காரங்க நம்மளைத் தெரிஞ்சவங்கதான். மாலை அனுப்பிட்டாங்க பாரு."