போறணைச் சூட்டில் கிரனோலா

என் கணவரின் அக்கா கனடாவிலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கப் போகிறார் என்று தெரிந்ததும், நான் முதலில் செய்த வேலை வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் தோய்த்ததுதான். அவ்வளவு பதற்றம். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் மச்சாளை நான் நேரில் கண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு செத்தவீட்டில். மற்றபடி தொலைபேசியில் சுகம் விசாரிப்போம், பிறகு நான் போனை இவரிடம் கொடுத்துவிடுவேன். மச்சாள் என்னைவிட எவ்வளவோ மூத்தவர். ஆனாலும் என்னோடு "நீங்கள்" போட்டுத்தான் கதைப்பார். எங்கள் பக்கத்தில் நெருங்கிப் பழகும் பெண்கள் ஒருவரையொருவர் "நீர்" என்பார்கள். அந்த "நீங்கள்" மரியாதைதான், ஆனால் வந்த விருந்தாளியை முன் விறாந்தைக் கதிரையிலேயே இருத்தி வைத்துவிடுகிற மரியாதை.

நீர்வேலியில் எங்கள் வீடு. பின்னால் இவரின் வாழைத்தோட்டம். மச்சாள் வந்த அடுத்த நாள் காலையில் இடியப்பமும் சொதியும் இடிசம்பலும் செய்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் குளித்துவிட்டு வந்தார். தன் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய பையை எடுத்தார். ஒரு கோப்பையில் அதிலிருந்து கொஞ்சம் கொட்டி, மேலே தயிர் விட்டு, கரண்டியால் அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். அறை முழுக்க மொறுமொறுவென்று சத்தம்.

அதற்குப் பெயர் கிரனோலா என்று சொன்னார். ஓட்ஸ், கொட்டைகள், தேன் எல்லாம் சேர்த்து வாட்டி எடுப்பதாம். அங்கே இருட்டோடு எழும்பித் தொழிற்சாலை வேலைக்குப் போன காலத்தில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகி, இப்போது காலையில் வேறொன்றும் உள்ளே போகாதாம். இடியப்பத்தை மத்தியானம் சாப்பிடுவதாகச் சொல்லி, சொன்னபடி சாப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் முகம் வாடித்தான் போனது. இவர் அந்தக் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, கோழித்தீன் மாதிரி இருக்கிறது என்றார். மச்சாள் இன்னொரு கரண்டி அள்ளினார்.

இரண்டு கிழமை போனது. பை வேகமாக இளைத்துக்கொண்டு வந்தது. கணக்குப் போட்டுத்தான் கொண்டு வந்தேன், நான்தான் அள்ளி அள்ளித் தின்கிறேன் போல, என்று மச்சாள் தன்னையே நொந்துகொண்டார். எலியோ என்று நினைத்து நான் அலுமாரிக்குப் பின்னால் தேடினேன்.

ஒரு நாள் காலையில் நான் தோட்டத்தோரக் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் குலை வெட்டுவதைப் பார்க்கவென்று தோட்டத்துக்குள் போனார். பம்பு அறைக்குப் பின்னால் இவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன தம்பி வாய்க்குள்ளை?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாததே உப்பிடி மொறுமொறுக்குது?"

இவர் திரும்பினார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் பொத்திப் பிடித்த கிரனோலாவுமாக நின்றார். மீசையில் ஓட்ஸ் ஒட்டியிருந்தது.

"கோழித்தீன் எண்டாய். நீ என்ன கோழியே?" என்று கேட்டார் மச்சாள்.

நான் ஈரச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு அவருக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாழைகளுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சிரித்து முடிந்து வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் கொஞ்சம் தூள்தான் கிடந்தது. போவதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரிய கடை ஒன்றில் ஒரு பெட்டி கண்டுபிடித்து வாங்கி வந்தோம். ஒரு கரண்டி வைத்ததுமே மச்சாள் முகத்தைச் சுழித்தார், ஒரே சீனி. அப்போதுதான் நாங்களே செய்து பார்த்தால் என்ன என்று கேட்டேன். இத்தனை வருடம் சாப்பிட்டும் ஒரு நாளாவது செய்ததில்லை என்றார் அவர். இருவருக்கும் தெரியாத ஒன்று என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிட்டு என்றால் என் பிட்டையும் அவர் பிட்டையும் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதில் யாருக்கும் யாரும் மாமியார் இல்லை.

அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். போகும்போது சீற்றுக்குப் பின்னால் இருந்த கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கச்சான் கடலையும் எள்ளும் வாங்கினோம். வந்த வேலையை மறந்து, தேவையில்லாத வெங்காயத்துக்கு ஒரு வியாபாரியோடு நின்று விலை பேசி, ஒரு பிடி வெங்காயத்தோடு வெற்றி முகமாக வந்தார். ஓட்ஸும் மரமுந்திரிப் பருப்பும் கடையில் எடுத்தோம். தேன் வீட்டிலேயே இருந்தது, வன்னியிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்து தந்த காட்டுத் தேன். திரும்பி வரும்போது ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டர் துள்ள, மச்சாள் சட்டென்று என் தோளைப் பிடித்தார். வீடு வந்து சேரும் வரை கையை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் கேக் சுடுகிற மின்சார அடுப்பு இல்லை. தாச்சியில் வறுக்கலாம் என்று முதலில் நினைத்தோம். ஓட்ஸும் கச்சானும் நன்றாகத்தான் வறுபட்டன. தேனை விட்டதும் எல்லாம் ஒன்றாகத் திரண்டு அடியில் பிடித்தது. அடி கரி, மேல் பச்சை. புகையைக் கண்டு இவர் தோட்டத்திலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

அடுத்த தடவை மச்சாளுக்கு ஒரு யோசனை வந்தது. வத்தல் போடுகிற வெயில் அடிக்கிற ஊரில் நெருப்பு எதற்கு என்றார். தேனில் பிரட்டிய ஓட்ஸைச் சுளகில் பரப்பி முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே தேத்தண்ணி குடிக்கப் போனோம். வந்து பார்த்தபோது சுளகு மெல்ல அசைவது போல இருந்தது. வேலியோரத்திலிருந்து சுளகு வரைக்கும் எறும்பு வரிசை கட்டியிருந்தது. பெரிய திருவிழாவுக்கு வருவது போல வந்துகொண்டே இருந்தன. கோழிகளுக்காவது கொடுப்போம் என்று கொட்டினோம். அவை மிக விருப்பமாகத் தின்றன. இவர் எங்களையும் கோழிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் வழி சொன்னது இவர்தான். மானிப்பாய்ப் பக்கம் பேக்கரி வைத்திருப்பவர் இவரோடு படித்தவர். அங்கே விறகு எரித்துப் பாண் சுடுகிற பழைய போறணை அடுப்பு இருக்கிறது. பாண் எடுத்த பிறகு உள்ளே சூடு தணிந்து தணிந்து கனநேரம் நிற்கும் என்றார். களவாகத் தின்றதற்கு அதுதான் அவர் செய்த பரிகாரம்.

மறுநாள் ஓட்ஸையும் கச்சானையும் பருப்பையும் எள்ளையும் ஒரு பெரிய சட்டியில் கொட்டி, தேனும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் இளஞ்சூடாக்கி ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, இருவரும் கையாலேயே பிசைந்தோம். முழங்கை வரை தேன். சட்டியைத் துணியால் கட்டி மச்சாள் மடியில் வைத்துக்கொள்ள, பாண் வேலை முடிகிற நேரமாகப் பார்த்து மூவரும் ஆட்டோவில் போனோம்.

பேக்கரிக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"அக்கா, உதென்ன சாமான்?"

"விடிய சாப்பிடுறது."

"உதையே?" என்று கேட்டவர், இரண்டு தட்டுகளில் அதைப் பரப்பினார். நீளத் தடியால் உள்ளே தள்ளினார். முதல் தட்டின் ஒரு மூலை கறுத்துப் போனது. இரண்டாவதை வாய்ப்பக்கமாக, சூடு குறைந்த இடத்தில் வைத்தார். நடுவில் ஒரு தடவை வெளியே இழுத்து, நான் கிளறி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திவிட்டேன். தேங்காய்ச் சீவலை அப்போதுதான் மேலே தூவினோம். முதலிலேயே போட்டிருந்தால் கருகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தேனும் எள்ளும் தேங்காயும் வாட்டின வாசம் வந்தது. மாப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பாண் வாங்க வந்த ஒரு மனுசி பாணை வாங்கிய பிறகும் போகவில்லை.

வெளியே வந்த தட்டு தங்க நிறமாக இருந்தது. நான் ஆசையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டேன். மெத்தென்று இருந்தது. மொறுமொறுப்பு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவும் பிழையாய்ப் போச்சுது மச்சாள் என்றேன்.

மச்சாள் என் கையைப் பிடித்துத் தட்டிலிருந்து விலக்கினார்.

"பொறும். நீர் ஏன் அதுக்கிடையிலை அந்தரப்படுறீர்? ஆறட்டும்."

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நீர் என்றார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் மாப் படிந்த மர வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இவரும் பேக்கரிக்காரரும் பள்ளிக்கூடத்தில் தாங்கள் மதில் பாய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் காதில் விழவில்லை.

ஆறிய பிறகு மச்சாள் தட்டின் ஓரத்தைத் தூக்கினார். பாளம் பாளமாக உடைந்தது. அவர் ஒரு துண்டை என்னிடம் தந்து, தான் ஒன்றைக் கடித்தார். அந்தச் சத்தம் கடை வாசல் வரை கேட்டிருக்கும். காட்டுத் தேனின் லேசான கசப்பும் கச்சானின் வாசமும் சேர்ந்து, கனடாப் பையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. இதை நான் சொல்லவில்லை, மச்சாள் சொன்னார், அதுவும் எல்லாருக்கும் முன்னால். தட்டில் பாதி அங்கேயே முடிந்துபோனது. பாண் வாங்க வந்த மனுசி தன் பங்கைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். கருகின மூலையை பேக்கரிக்காரர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார், அவருக்கு அதுதான் பிடித்ததாம்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவை போறணைக்குப் போனோம். ஒரு தடவை பனங்கட்டி உடைத்துப் போட்டுப் பார்த்தோம், இன்னொரு தடவை எங்கள் தோட்டத்துக் கதலியை மெல்லிசாக அரிந்து காயவைத்துச் சேர்த்தோம். காலையில் மூவரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். கொஞ்சம் இடியப்பம், கொஞ்சம் கிரனோலா. மச்சாள் இரண்டும் சாப்பிட்டார். போறணைக்குப் போகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் என் காதுக்குள் கதை சொன்னார். முதல் பனியில் வழுக்கி விழுந்தது, பாஷை தெரியாமல் நாய்ச் சாப்பாடு அடைத்த தகர ரின்னை மீன் என்று வாங்கி வந்தது, எல்லாம். சிரிப்பில் நான் இரண்டு தடவை ஸ்கூட்டரை நிறுத்த வேண்டி வந்தது.

போகிற நாள் வந்தது. பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் பனங்கிழங்குப் புழுக்கொடியலுக்கும் இடம் ஒதுக்கியிருந்தேன். மச்சாள் அதில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மூன்று பெரிய ரின்களில் கிரனோலா அடுக்கினார். கனடாவில் கடைக்குக் கடை விற்கிற சாமானைக் கட்டிக்கொண்டு போகிற முதல் ஆள் நீதான் அக்கா என்றார் இவர். மச்சாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுன்னாகம் ஸ்டேசனில் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டோம். யன்னலோரத்தில் இருந்தவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, முன் சீற்றில் இருந்த புருசன் பெண்சாதிக்குக் கொஞ்சம் கையில் கொட்டிக் கொடுத்தார். அவர்கள் கடித்துப் பார்த்து ஏதோ கேட்டார்கள். மச்சாள் கையை ஆட்டி ஆட்டி விளக்கத் தொடங்கினார். அழுத்துவதும் தூவுவதும் தட்டை உள்ளே தள்ளுவதும் வெளியே நின்ற எனக்கு விளங்கியது. ரயில் நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. இவர் யன்னலோடு நடந்து போய்த் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். வாய் நிறையக் கிரனோலா இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியாமல், இரண்டு கையையும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார்.