லைனுக்குப் போவணும்

மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கண் மூடிக் கிடந்த அம்மா, ஒருவழியாக வாய் திறந்தபோது என் பெயரையும் சொல்லவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. "லைனுக்குப் போவணும்" என்றாள்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், சேரப்பணஞ்சேரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். அம்மாவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அப்பா அழுதேவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், லேசில் அழமாட்டார். டாக்டர் அனுப்பிய அன்று ஆட்டோவில் கூட்டிவந்து வாசலில் இறக்கி, "இந்தா, லைனுக்கு வந்தாச்சுல்லா" என்றார் பெருமையாக.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த லைனு யாருக்குய்யா வோணும்? நான் கம்பெனி லைனைச் சொன்னேன்!"

காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் லைன் அது. அவள் சுற்றிய டேப்பில் குறை கண்டுபிடித்த ஆள் கிடையாது என்று அவளே எல்லாரிடமும் சொல்லுவாள்.

குறுக்கே நின்றது இடது கை. கை அசைந்தது, விரல் மடங்கியது, தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் தோளிலிருந்து நகக்கண் வரை எந்நேரமும் எரிந்தது. காயம் மூளையில்தான், வலி கையில் தெரிகிறது என்றார் டாக்டர். மாத்திரை தணிக்கும், முழுசாகப் போகும் என்று நினைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். 'எரியுது' என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வைத்தியமாக ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்தாள். காற்று பட்டாலே அந்தக் கைக்கு மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"கை நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு இப்டி கத்தற?" என்றாள் அத்தை. பார்க்க வந்த பாதிப் பேர் கேட்டதும் இதைத்தான். வலியைக்கூடப் பொறுத்த அம்மாவால் இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை.

கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. கிளவுஸ் இல்லாமல் லைனில் நிற்கக் கூடாது. ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கழற்றாமல் வேலை செய்து காட்டினால் பழைய இடம் உண்டு. இல்லையென்றால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். சேலைத் தலைப்பு உரசினாலே துடிக்கிற கைக்கு கிளவுஸ்.

மறுநாளே அம்மா அரிசி டப்பாவுக்குள் இடது கையை விட ஆரம்பித்தாள். தொட்டுத் தொட்டுத்தான் கையைப் பழக்க வேண்டும் என்று பிசியோதெரபி அக்கா சொல்லியிருந்தாள். வண்டு பொறுக்குகிறாள் என்று அப்பா நினைத்தார். எனக்கு அது விளையாட்டு. நானும் கையை விட்டு அவள் விரலைத் தேடுவேன். பல்லைக் கடித்தபடியே சிரிப்பாள். அரிசிக்குப் பிறகு பருப்பு, அப்புறம் சொரசொரத்த துண்டு, கடைசியில் கிளவுஸ். போட்ட வேகத்தில் அது மூலையில் போய் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் பறந்தது. "எட்த்துனு வாடி" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனாலும் கையை நீட்டினாள். இப்படியே பல வாரம்.

அந்த நாளும் வந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனாள். சாயங்காலம் நானும் அப்பாவும் முனையில் காத்து நின்றோம். பாதியிலேயே ஆட்டோ பிடித்து வந்துவிடுவாளோ என்று அப்பா ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தபடி இருந்தார். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னலில் ஒரு பெண்ணின் தலை நீண்டது.

"அண்ணே! அக்கா கடசி வரிக்கும் கயட்டவே இல்லண்ணே!"

உள்ளே ஒரே கூச்சல், கைதட்டல். அம்மா இறங்கினாள். வேலை முடிந்தும் கிளவுஸ் கையிலேயே இருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டனைத் தட்டினாலே கிளம்பும் தன் பைக்கை உதை உதை என்று உதைத்தார். அம்மா நேராக முனைக் கடைக்குப் போய் மூன்று பிரியாணி சொன்னாள்.

நான் லைன் வீடு முழுக்க ஓடி, "எங்கம்மாவுக்கு வலி போயிட்ச்சு!" என்று கத்திவிட்டு வந்தேன்.

"எங்கடி போச்சி? காலைல என்கூடவே பஸ் ஏறிச்சி, இப்ப என்கூடவே எறங்கிச்சி" என்று அம்மா தெருவே கேட்கிற மாதிரி சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. வலி போகவே இல்லையென்றால் பிரியாணி எதற்கு என்று அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. ஆனாலும் அம்மா தன் பொட்டலத்திலிருந்து எடுத்து வைக்க வைக்க, வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.