காலில் ஒரு பேனாக் குறி

முதலில் காட்டிக்கொடுத்தது தண்ணீர்தான். மார்கழிக் குளிரில் விடியற்காலைத் தொழுகைக்காக ஒளு (முகம், கை, கால் கழுவுவது) செய்தபோது, வலது காலில் விழுந்த தண்ணீர் சுரீரென்றது. இடது காலில் விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. குனிந்து பார்த்தேன், விரல்கள் நனைந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் சூளை பார்ப்பவன். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, அதற்கும் முந்தியது பீடி. சில மாதங்களாகவே நூறடி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வயதாகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சூளைச் சுவரில் கை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவேன் என்கிற பெருமை வேறு.

பட்டறையில் மூட்டு வலிக்கு எல்லோரும் செய்கிற வைத்தியத்தை நானும் செய்தேன். சூளையிலிருந்து எடுத்த செங்கல்லைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் சில்லிட்ட பாதத்தை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்தேன். சாக்கு பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் காலை எடுத்தேன். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது கால் சில்லிட்டுக் கிடந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், சூடு வைக்காதீர்கள்.

கொப்புளம் புண்ணானது. சுண்டுவிரல் கறுத்தது. சாக்ஸ் போட்டு மறைத்தேன். நாற்றத்தை மறைக்க முடியவில்லை. என் மனைவி நூர்ஜஹான் ஒருநாள் சாக்ஸை உருவிவிட்டாள்.

"என்னங்க இது? எத்தினி நாளா வச்சிக்கினு இருக்கீங்க? வூட்டுல ஒருத்தி இருக்கறது தெரியலியா?"

திட்டிக்கொண்டே அழுதாள்.

ஊர் டாக்டர் பாதத்தில் நாடி தேடினார். கிடைக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாங்க. அதுக்கு முன்னாடி புதுச்சேரியில ரத்தக்குழாய் டாக்டர பாத்துடுங்க. நாள் கடத்தாதீங்க" என்றார். பஸ்ஸில் வழிநெடுக மற்றவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

அங்கே ஸ்கேனில், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் (இதயத்திலிருந்து கிளம்பும் குழாய்கள்) அடைத்திருந்தது தெரிந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி (தமனிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் குழலைச் செலுத்தி, நுனியிலுள்ள பலூனை ஊதி வழி திறப்பது) செய்து பார்க்கலாம் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர்.

"கால் தங்குமாம்மா?"

"கம்பி அடைப்பத் தாண்டிடுச்சுன்னா வாய்ப்பு இருக்குது, பாய்."

"தாண்டலன்னா?"

"மொதல்ல முயற்சி பண்ணுவோம்."

தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்தே கிடந்தேன். பெரிய கத்தி இல்லையென்றால் பயமும் இருக்காது என்று நினைத்தது தப்பு. திரையில் என் தமனிக்குள் மருந்து ஓடுவதைக் காட்டும் கறுப்புக் கோடு முழங்காலுக்குக் கீழே நின்றுபோயிருந்தது. "போவமாட்டேங்குது" என்று டாக்டர் முணுமுணுத்தார். எனக்கு உயிரே போனது. தெரிந்ததையெல்லாம் ஓதினேன்; பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கெண்டைக்காலுக்குள் பலூன் உப்பி வலித்தது. பிறகு கோடு மெல்ல இறங்கிப் பாதத்தைத் தொட்டது.

வார்டில் நர்ஸ் பாதத்தின் மேல் விரலால் தேடி, ஓரிடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். "இங்கதான் நாடி துடிக்குது. அடுத்த டூட்டிக்கு வர்றவங்க தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல?"

சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தங்கியது. ஆனால் குழாய் திரும்பவும் அடைக்கலாம், கால் சில்லிட்டால் அன்றே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் ஒளுவுக்காகப் புண்ணில் படாமல் ஈரக்கையால் பாதத்தைத் தடவும்போதெல்லாம் குறி மங்கியது. ஐந்தாம் நாள் காலை அது இல்லை. விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். நாடியும் இல்லை.

"நூரு, நின்னுபோச்சு!"

அவள் ஓடிவந்து உட்கார்ந்து, தேடாமலே ஓரிடத்தில் விரலை வைத்தாள். "கத்தாதீங்க. இந்தா இருக்குது. நீங்க தூங்கறப்ப தெனமும் பாத்துக்கினுதான இருக்கறேன்."

அடுத்த வருஷம் என்று பேச இப்போது எனக்கு வாய் வருவதில்லை. என் கணக்கில் ஒரு நாள் என்பது, அவள் விரல் வைப்பதிலிருந்து மறுபடி வைக்கும்வரை. விடியலில் குழாயடியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறேன். அவள் குனிந்து தொடுகிறாள். அதுவரை நான் மூச்சு விடுவதில்லை.

"இருக்குதுங்க" என்கிறாள்.

அதன் பிறகுதான் குழாயைத் திறக்கிறேன்.