ஐந்தாவது கட்டம்

என் பழைய கோப்பொன்றுக்குள், வாய்க்காலின் குறுக்குவெட்டு வரையும் சதுரக்கோட்டுத் தாள் ஒன்று இருக்கிறது. அதில் ஏழு கட்டங்கள். ஆறில் பென்சில் புள்ளிகள் உண்டு, ஐந்தாவது வெறுமை. புள்ளிகளை வைத்தவன் நான், வைக்கச் சொன்னவர் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்த எங்கள் ஓவசியர். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கிழித்துப்போட எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். அதற்கும் தெம்பில்லாமல் திரும்ப வைத்துவிடுவேன்.

ஐம்பதுகளின் கடைசி. கல்முனையில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் கிளாக்கர். ஓவசியர் சொறிக்கல்முனைக் கத்தோலிக்கர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நானோ எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கப்படி கலியாணமானதும் மனைவி வீட்டில் குடியேறியவன். அங்கே மாமியும் மச்சான்மாரும் கதைத்து முடித்து மிஞ்சும் இடத்தில்தான் என் வாய் திறக்கும். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கந்தோருக்குத் திரும்பும் அந்த அரைமணி நேரம் மட்டுமே எனக்கென்று இருந்தது. ஓவசியர் வரைபட அலுமாரியைத் திறந்து தன் யுகுலேலியை எடுப்பார். நாலே தந்தியும் கழுத்தில் பன்னிரண்டே படியும் உள்ள, கிற்றாரின் பிள்ளை போன்ற சின்ன வாத்தியம். அவர் மீட்ட, நான் பிளேன்டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

கொழும்பு ஹோட்டலொன்றில் ஜாஸ் வாசிக்கும் கோஷ்டியின் தலைவர் அவருக்குக் கடிதம் போட்டிருந்தார். சொந்தமாக ஒரு பாட்டு அமைத்துக்கொண்டு மாரிக்கு முன் வந்தால் சேர்த்துக்கொள்வாராம். ஓவசியருக்கு வரம்பும் வாய்க்காலும் அலுத்துப்போயிருந்த காலம். டோரியன் என்ற சுரவரிசையில் பாட்டைத் தொடங்கினார்: டீ, ஈ, எஃப், ஜீ, ஏ, பீ, சீ. இவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக நாலு சுரம் எடுத்து, நாலு தந்தியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்தால் ஒரு கோட். ஏழு சுரத்துக்கும் ஏழு கோட். எந்தத் தந்தியில் எத்தனையாவது படியில் விரல் வைப்பது என்று கணக்குப் பார்த்துக் கட்டம் போடுவது என் வேலை.

அதில் ஓவசியர் தானாக ஒரு சட்டம் போட்டார். தொடங்கும் சுரம் நெஞ்சுக்குக் கிட்ட உள்ள முதல் தந்தியில்தான் வரவேண்டும், மற்றவை வரிசையாகக் கீழே இறங்கவேண்டும்.

“தண்ணி தலைமதகாலதான் வரணும் மச்சான். இடையில வெட்டி எடுத்தா அது களவுத் தண்ணி” என்பார்.

ஆறு கோட் இந்தச் சட்டத்துக்குப் பணிந்தன. ஐந்தாவது பணியவில்லை. அதற்குரியவை ஏ, சீ, ஈ, ஜீ. முதல் தந்தியில் இரண்டாம் படியில் ஒரு விரல், கடைசித் தந்தியில் பத்தாம் படியில் ஒரு விரல். மனிதக் கைக்கு எட்டாத தூரம். மணிக்கட்டு வீங்கும்வரை முயன்று பார்த்தார்.

ஒருநாள் அவர் மதகு பார்க்கப் போயிருந்தபோது வாத்தியத்தைத் துணியால் தூசு தட்டினேன். துணி நாலு தந்தியையும் உரசிப் போனது. எங்கேயும் விரல் இல்லை, ஆனாலும் இதமான ஓசை. சும்மா இருக்கும்போது அந்தத் தந்திகள் என்ன சுரமென்று நானே தாளின் தலையில் எழுதியிருந்தேன்: ஜீ, சீ, ஈ, ஏ. அதே நாலு, வரிசைதான் வேறு. ஐந்தாவதுக்கு விரலே வேண்டியதில்லை. ஒருமுறை காதால் கேட்டால் ஓவசியர் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்.

சொல்லத்தான் எழுந்தேன். வெளியே மதிலில் அவர் சைக்கிள் சாத்தும் சத்தம் கேட்டது. சொன்னால் பாட்டு முடியும், முடிந்தால் அவர் கொழும்புக்குப் போவார், பிறகு எனக்கு மாமி வீடு மட்டும்தான் என்று நினைத்தேன். துணியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

“ஏதும் வழி தெரிஞ்சுதா மச்சான்?”

“ஒண்டும் தெரியல்ல, ஓவசியர்.”

மாரி வந்தது, குளக்கட்டு உடைந்தது, ஓவசியர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கவைத்தார். கொழும்புக் கடிதம் காலாவதியானது. யுகுலேலியை உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் பகல் நேரங்களில் மேசையில் தலைவைத்துத் தூங்கினார். நான் எதிரே இருந்து பிளேன்டீ குடித்தேன். யாரைப் போகவிடாமல் பிடித்துவைத்தேனோ அவர் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். அந்த வெட்கத்தை யாரிடமும் சொன்னதில்லை.

நானும் பென்ஷன் எடுத்த பிறகு ஒருமுறை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். காரைதீவுக்குப் போகக் காத்திருந்தார். சுகம் விசாரித்தோம், மழை பற்றிக் கதைத்தோம். பஸ் வந்தபோது அவராகவே சொன்னார்.

“அந்த அஞ்சாவது மட்டும் அம்பிட்டிருந்தா நான் போயிருப்பன் மச்சான். என்ன செய்ய, என்ட கை சின்னது.”

சொல்லிவிட்டு விரல்களை அகல விரித்துக் காட்டினார். நான் “ஓம்” என்றேன். அடுத்த வருடம் சொறிக்கல்முனைக் கோயிலில் அவர் உடலை வைத்திருந்தபோது கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று பென்சில் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அந்தக் கட்டத்தையாவது நிரப்பிவிடலாமென்று. நிரப்ப ஒன்றுமில்லை. ஒரு புள்ளியும் வேண்டாத அந்தக் கட்டம் அன்றைக்கே சரியாகத்தான் இருந்தது. ஓவசியரின் கை சின்னதாக இருந்ததும் இல்லை.